பள்ளிக்கூடத்தில் கட்டிய பரிவட்டம்

உ
நரசிம்மர் துணை

அன்பு மகள் ஹரிப்ரியாவுக்கு அம்மா ரேணுகா ஆசியோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் பசுவும் கன்றும் நீ நட்டுவிட்டுப் போன கறிவேப்பிலையும் சுகம். அந்த மலைக்காற்றில் நீ காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் யார் யார் இருந்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் நீ, யாரும்மா பாத்தாங்க, யாரும்மா சொன்னாங்க என்று குறுக்கே கேட்கக் கூடாது. நம் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் பொங்கல் கழிந்து நடந்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தலைமை ஆசிரியர் செங்கல்வராயன் சார் இருந்தார். ஐந்தாம் வகுப்பு சுஜாதா டீச்சர் இருந்தார். வார்டு மெம்பர் தர்மராஜ் வழக்கம்போல் நடு நாற்காலியில் இருந்தார். பெற்றோர் சார்பில் பிரிசில்லா இருந்தாள், சாலைக்கு அந்தண்டை காலனியில் இருக்கிறாளே, ஜெரோமின் அம்மா. சத்துணவு சின்னப்பொண்ணு, அடுப்பை விட்டு வர முடியாது என்று வாசற்படியில் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயும் வைத்து நின்றாள். அவளை அரை ஆள் என்று எழுதுவதா என்று யோசித்து, பாவம் என்று முழுசாகவே எழுதினேன். குழுவின் தலைவி என்ற முறையில் நான். உன் அப்பா உறுப்பினர் இல்லை. என்னைக் கொண்டுவந்து இறக்கிவிட்டவர், மகாபலிபுரத்து ஓட்டல்களுக்குப் போட வேண்டிய தண்ணீர் கேன்களை வண்டியிலேயே நிழலில் நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஆக ஏழு பேர். மலையில் டீச்சர் வேலைக்குப் போகாமல் இங்கேயே இருந்திருந்தால், எட்டாவதாக நீ இருந்திருக்க வேண்டிய கூட்டம். அந்த நாற்காலி காலியாக இருந்தது, அதில் என் பையை வைத்திருந்தேன்.

கூட்டத்துக்குக் காரணம் பிள்ளைகள். நல்ல பிள்ளைகள்தான், ஆனால் அந்த நல்லது வெளியே தெரியாமல் வளர்ந்துவிட்டார்கள். சுவரேறிக் குதிப்பது, அடுத்தவன் செருப்பைப் புளியமரத்தில் எறிவது, போதாததற்கு இந்த ஜெரோம் மோட்டார் சுவிட்சைப் போட்டுவிட்டுத் தொட்டி வழிய வழிய அதன் கீழே நின்று சட்டையோடு குளித்துவிட்டு வகுப்புக்கு வந்து, மழை டீச்சர் என்று சொல்லியிருக்கிறான். செங்கல்வராயன் சார் பழைய காலத்து மனுஷர். பிள்ளைகளை அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது என்ற உத்தரவை அவர் மதிக்கிறார். ஆனால் பிரம்பை எடுத்துவிட்டார்களே தவிர அதற்குப் பதில் கையில் எதை வைத்துக்கொள்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை என்பது அவர் வருத்தம். அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு நாள் முதுகுக்குப் பின்னாலும் ஒரு நாள் சட்டைப் பையிலும் வைத்துக்கொண்டு திரிகிறார். கோடு போடுவதற்கு ஸ்கேலை எடுத்தால்கூட, பாடப்புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கிற பத்து-ஒன்பது-எட்டு என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகள் ஒரே குரலில் சொல்கிறார்களாம். ஐந்தாம் வகுப்பு முழுவதற்கும் தப்பில்லாமல் தெரிந்த வாய்ப்பாடு அது ஒன்றுதான் என்று சுஜாதா டீச்சர் சொன்னார்.

அப்போதுதான் நீ பொங்கலன்று சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. உன் மலைப் பள்ளிக்கூடத்தில் எப்படிச் சமாளிக்கிறாய் என்று நான் கேட்டதற்கு, கரும்பைக் கடித்துக்கொண்டே சொன்னாயே, தப்பு பண்ணும்போது பிடிப்பதை விட்டுவிட்டு நல்லது பண்ணும்போது பார், பார்த்ததை அந்தப் பிள்ளையிடமே அப்படியே சொல், நல்ல பிள்ளை, கெட்டிக்காரி என்று பட்டம் கூடக் கொடுக்காதே, நீ இதைச் செய்தாய், நான் பார்த்தேன், அவ்வளவுதான் என்று. எட்டாம் வகுப்புக்கு மேல் நானாகப் படித்துக்கொண்டவள் நான், ஒருவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்வது ஒன்றுதான் எனக்கு வரும். அப்படியே சொன்னேன். என் மகள் சொன்னது என்பதையும் சேர்த்து இரண்டு முறை சொன்னேன். தர்மராஜ் தலையை ஆட்டிவிட்டு, சும்மா வாயால் சொன்னால் பிள்ளைகளுக்கு ஏறுமா, கையில் ஏதாவது வர வேண்டாமா என்று கேட்டார். மிட்டாய் என்றார்கள், சொத்தைப் பல் என்று சின்னப்பொண்ணு வாசலிலிருந்து மறுத்துவிட்டாள். நட்சத்திர ஸ்டிக்கர் என்றார்கள், போன வருஷம் ஒட்டிய ஸ்டிக்கரை உரித்து இரண்டுக்கு ஒரு கோலிக்குண்டு என்று மாற்றிக்கொண்டார்கள் என்று டீச்சர் சொன்னார். எல்லாரும் யோசித்துக்கொண்டிருந்தபோது நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. பரிவட்டம் கட்டலாமே என்று சொல்லிவிட்டேன்.

நீயே சொல்லு, எனக்கு வேறு எது தோன்றும்? திருவிழாவில் சாமிக்கு முன்னால் ஒரு ஆளை நிறுத்தி, தலையில் பட்டுத்துணியைச் சுற்றிக் கட்டி அனுப்பினால், ஊரெல்லாம் கெட்ட பேர் வாங்கினவன்கூட அன்றைக்கு நேராக நடக்கிறான். வாரம் ஒரு பிள்ளைக்கு, என்ன நல்லது செய்தான் என்று காலை வணக்கக் கூட்டத்தில் சொல்லி, தலையில் கட்டி, சாயந்திரம் வாங்கி வைத்துக்கொள்வது. சமோசா வருவதற்குள் தீர்மானம் நிறைவேறியது. எல்லாரையும்விடத் தர்மராஜுக்குத்தான் சந்தோஷம். அந்தப் பரிவட்டத்தை உறுப்பினர்களுக்குக் கட்டப்போகிறோம் என்று அவர் நினைத்துக்கொண்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. பட்டுக்கு எங்கே போவது என்று கேட்டார்கள், என்னிடம் இருக்கிறது என்றேன். ஹரி, கோபப்படாதே. உன் மூன்றாம் வகுப்புப் பட்டுப்பாவாடை, மாம்பழக் கலர், பீரோவில் சும்மா மடிந்துதானே கிடந்தது. கரையோடு ஒரு முழம் வெட்டினேன். வெட்டும்போது கத்தரிக்கோல் இரண்டு தடவை நின்றது. பழைய கத்தரிக்கோல், அதனால்தான்.

முதல் திங்கட்கிழமை யாருக்குக் கட்டினார்கள் தெரியுமா? அதே ஜெரோமுக்கு. வகுப்பு வாசலில் மலை மாதிரி கிடந்த செருப்புகளை எல்லாம் அவன் ஜோடி ஜோடியாக அடுக்கி வைத்ததை சுஜாதா டீச்சர் பார்த்திருக்கிறார். (அவன் தன் செருப்பைத் தேடியிருக்கிறான், அது கடைசியில்தான் கிடைத்ததாம், அது வேறு கதை, ஆனால் அடுக்கியது அடுக்கியதுதான்.) கூட்டத்தில் டீச்சர் அதைச் சொன்னார், சார் கட்டிவிட்டார். கட்டிவிட்ட பிறகு சாரின் கை என்ன செய்வதென்று தெரியாமல் பையன் தலையிலேயே கொஞ்ச நேரம் இருந்தது. அவனுடைய அப்பா ஆபிரகாம், சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து கம்பெனி பஸ் ஓட்டுகிறவர், பாதி நாள் லீவு போட்டு யூனிபாரத்தோடு வந்து கேட்டுக்குப் பக்கத்தில் நின்றார். உள்ளே வாங்க என்று நான் கூப்பிட்டும் வரவில்லை. எல்லாம் முடிந்து பிள்ளைகள் கலைந்த பிறகு மகனைக் கிட்டே கூப்பிட்டு, என்னைப் பார்த்து, "அக்கா, அந்தத் துணிய ஒரு தடவ தொட்டுப் பாக்கட்டுமா? எங்கப்பா திருவிழால தூரமா நின்னுகினு பாத்தது. நான் அதுக்கும் தூரமா" என்றார். பிரிசில்லா மட்டும் இல்லையென்றால் மூன்று பேரும் அங்கேயே அழுதிருப்போம். அவள், "தொட்டுட்டுக் குடுத்துடு. நாளைக்கு உம் புள்ள செருப்ப எறிஞ்சான்னா, அதே துணியில அவனப் புளியமரத்துல கட்டிடுவாங்க" என்றாள். ஆபிரகாம் சிரித்துக்கொண்டே தொட்டார். ஒரு விரலால்தான் தொட்டார்.

இதோடு நிறுத்தியிருந்தால் நான் இந்தக் கடிதத்தை ஒரு பக்கத்தில் முடித்திருப்பேன். ஆனால் ஜெரோம் சாயந்திரம் துணியைத் தரவில்லை, வீட்டுக்குக் கட்டிக்கொண்டே போனான், கட்டிக்கொண்டே தூங்கினான், மறுநாள் காலை தலைக்குத் தண்ணீர் ஊற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டு அப்படியே பள்ளிக்கூடம் வந்தான். வந்தவன் புளியமரத்தடியில் உட்கார்ந்தான். அவன் பையை இரண்டு பேர் தூக்கிவந்தார்கள். மூன்றாம் வகுப்புப் பொடியன் ஒருவன் அவனுக்குக் குடை பிடித்தான், மழையும் இல்லை வெயிலும் இல்லை. மற்ற பிள்ளைகள் இலையைப் பெருக்க, நீயும் எழுந்து பெருக்குடா என்று டீச்சர் சொன்னதற்கு அவன் மிகவும் மரியாதையாக, பரிவட்டம் கட்டினவங்க வேல செய்ய மாட்டாங்க டீச்சர், நீங்க திருவிழா பாத்ததே இல்லையா என்று கேட்டானாம். டீச்சர் என்னைத்தான் கேட்டார். நாற்பது வருஷமாகத் திருவிழா பார்க்கிறேன், பரிவட்டம் கட்டினவர் ஒருவராவது துடைப்பம் எடுத்து நான் பார்த்ததில்லை. நல்லது செய்தவனுக்கு மரியாதை செய்தோம், மரியாதை வந்ததும் அவன் நல்லது செய்வதை நிறுத்திவிட்டான். அந்தப் பையன் மேல் என்ன குற்றம், பார்த்ததைத்தானே செய்தான்.

அதற்கடுத்து வந்ததுதான் பெரிய ஆபத்து. மற்ற பிள்ளைகள் எல்லாரும் நல்லது செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். செருப்பை அடுக்குவதற்காக முதலில் கலைத்தார்கள். காணாமற்போன பென்சிலைக் கண்டுபிடித்துக் கொடுப்பதற்காகப் பென்சில்கள் காணாமற்போயின. ரெண்டாம் வகுப்புப் பெண் குழந்தை ஒன்று ஒரே காலையில் மூன்று தடவை தள்ளிவிடப்பட்டு மூன்று தடவையும் மிகுந்த அன்போடு தூக்கி நிறுத்தப்பட்டாள். நாலாவது தடவை அவளே கீழே உட்கார்ந்துகொண்டாளாம், தள்ள வேணாம், தூக்கிக்கோங்க என்று. மத்தியானம் சின்னப்பொண்ணு சாம்பார் குண்டானைத் தூக்கும்போது ஒத்தாசைக்கு எட்டுப் பேர் ஓடிவந்து எட்டுத் திசையில் இழுத்ததில், அன்றைக்கு எல்லாருக்கும் முட்டையும் வெறும் சோறும்தான். அவள் கரண்டியோடு நேரே நம் வீட்டுக்கு வந்துவிட்டாள். "எம்மா தலைவி, இனிமே யாரும் யாருக்கும் ஒத்தாச பண்ணக் கூடாதுன்னு ஒரு தீர்மானம் போடு. இல்லாங்காட்டி நான் வடிச்சதெல்லாம் பூமாதேவிதான் துன்னுகினு இருப்பா" என்றாள். அவளுக்கு மோர் கொடுத்து அனுப்பினேன். அன்று இரவு உனக்குப் போன் பண்ணிக் கேட்கலாமா என்று எண்ணை எடுத்துவைத்துவிட்டு, உனக்குத் திருத்த நோட்டு இருக்கும், களைப்பாக இருப்பாய் என்று வைத்துவிட்டேன். இப்படி எண்ணை எடுப்பதும் வைப்பதும் எனக்கு இப்போது ஒரு வேலையாகவே ஆகிவிட்டது.

ஜெரோமிடமிருந்து ஒருவழியாகத் துணியை வாங்கி அடுத்தடுத்த பிள்ளைகளுக்குக் கட்டியதில் மூன்று வாரம் போயிற்று. மூன்று வாரத்திலும் தர்மராஜ் மகன் மோகனுக்குப் பரிவட்டம் கிடைக்கவில்லை. மெம்பர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கையில் வீட்டுச் சுவரிலிருந்து கழற்றிய போட்டோ, கண்ணாடி சட்டத்தோடு. அதில் அவர் தாத்தா பரிவட்டத்தோடு நிற்கிறார். நான் அப்போது கேட்டில் இருந்தேன். தினமும் காலையில் அங்கே போய் நிற்பது என்று வழக்கமாக்கிக்கொண்டேன், தலைவி என்றால் கூட்டத்துக்கு மட்டும்தானா? உன்னிடம் உண்மையைச் சொன்னால், ரெட்டை ஜடை போட்ட பிள்ளைகள் முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே போகும்போது, ஒரு நொடி, ஒவ்வொருத்தியும் திரும்பினால் நீயாக இருப்பாய் என்று தோன்றும். திரும்பினால் வேறு யாரோ. ஆனாலும் அந்த ஒரு நொடிக்காகப் போவேன். அப்படி நின்றிருந்த என்னிடம் தர்மராஜ் போட்டோவை நீட்டி, "இன்னாக்கா இது, எங்க தாத்தா காலத்துலேர்ந்து எங்க வூட்டுக்குத்தான் மொதல்ல கட்டுவாங்க. பள்ளிக்கூடத்துல வரிச மாறிப் போச்சே" என்றார். நான் வாய் திறப்பதற்குள், மகனுக்கு மறந்துபோன தண்ணீர் பாட்டிலைக் கொடுக்க வந்த பிரிசில்லா, "உங்க வூட்டு வரிச கோயில்ல கீது மெம்பரே, அத யாரும் எடுத்துக்கல. இங்க செருப்பு அடுக்கினாத்தான் வரிச. வேணும்னா உங்க தாத்தாவ எறங்கி வரச் சொல்லுங்க, வாசல்ல நெறையக் கெடக்குது" என்றாள்.

அவ்வளவுதான், இனிமேல் ஊர்க் கூட்டம், பஞ்சாயத்து, போலீஸ் என்று எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பரிவட்டத்துக்காக எத்தனை ஊரில் திருவிழாவே நின்றுபோயிருக்கிறது, அந்தப் பரிவட்டத்தைக் கையில் எடுத்து ஐந்தாம் வகுப்புக்குள் கொண்டுவந்து விட்டவள் நான். நரசிம்மா என்று கண்ணை மூடிக்கொண்டேன். தர்மராஜ் குரலை உயர்த்தி, தாத்தா காலத்தையும் அதற்கு முந்தின காலத்தையும் சொல்லிக்கொண்டே குறுக்கும் நெடுக்கும் நடந்தார். கேட்டுப் பக்கத்தில் ஒரு குழாய் இருக்கிறதே, பிள்ளைகள் கை கழுவிவிட்டு எப்போதும் திறந்தே விட்டுப்போவார்களே, அதைப் பேச்சை நிறுத்தாமலே, பார்க்கக்கூடச் செய்யாமல், ஒரு திருகு திருகி மூடிவிட்டு மறுபடி பேசினார். விவசாயக் குடும்பத்து ஆள், தண்ணீர் வீணாகப் போனால் கை தானாகப் போகும். அங்கே படிக்கட்டில் ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று, வாயில் ரிப்பனோடு உட்கார்ந்திருந்தது. ரிப்பனை எடுத்துவிட்டு, "தாத்தா, நீங்க கொழாய மூடினத நான் பாத்தேன்" என்றது.

தர்மராஜ் தலைக்கு மை அடிக்கிறவர். தாத்தா என்று கூப்பிட்டதற்கே அவர் நின்றிருப்பார். ஆனால் அதற்காக நின்ற மாதிரித் தெரியவில்லை. "இன்னா சொன்ன?" என்று கேட்டார். குழந்தை அவருக்குக் காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து எழுந்து நின்று, மிகவும் சத்தமாக, மறுபடியும் அதையே சொன்னது. அவர் குழாயைப் பார்த்தார், கையைப் பார்த்தார், கடைசியில் போட்டோவைப் பார்த்தார். அப்புறம் அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். ஹரி, எனக்குப் பட்டதைச் சொல்கிறேன், தப்பென்றால் திருத்து. அந்த மனுஷர் இதுவரை வாங்கிய பரிவட்டம் எல்லாம் அவர் தாத்தாவுக்குக் கட்டியது. தான் செய்த ஒன்றை ஒருவர் பார்த்துச் சொன்னது அவருக்கு அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். மறுநாளும் வந்தார். குழாய் மூடியே இருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, திறந்து, மூடினார். அந்தக் குழந்தை அன்றைக்கு வரவில்லை. நான் சொன்னேன், தம்பி, நான் பார்த்தேன் என்று. அதற்கடுத்த நாள் பிளம்பரோடு வந்து ஒழுகுகிற மூன்று குழாயையும் மாற்றிவிட்டுப் போனார். கல்வெட்டு வைக்கச் சொல்லவில்லை, நாங்களே பயந்துபோனோம்.

அப்புறம் மேற்படி ஏழு பேரும் மறுபடி கூடினோம். பரிவட்டம் வேண்டாம், வாயால் சொன்னால் போதும் என்று முடிவாயிற்று. அதாவது பொங்கலன்று நீ எந்த இடத்தில் நிறுத்தினாயோ அந்த இடத்துக்கு ஒரு குண்டான் சாம்பாரைக் கொட்டிவிட்டு வந்து சேர்ந்தோம். நீ அன்றைக்கே, இதற்கு மேல் எதையும் சேர்க்காதே அம்மா என்று சொல்லியிருக்கலாம். சொன்னாயோ என்னவோ, கரும்பு வாயில் இருந்தது. சொல்வது என்பது சுலபமும் இல்லை. செங்கல்வராயன் சார் முதல் நாள் வராந்தாவில் அரை மணி நேரம் நின்று, நல்லதாக எதையும் பார்க்க முடியாமல் வியர்த்து, கடைசியில் ஒரு பையனிடம், "நீ ஒக்காந்துகினு கீற. நான் பாத்தேன்" என்று சொல்ல, அவன் அழுதுகொண்டே எழுந்து நின்றுவிட்டான். மோகனிடம் அவன் அப்பா, நீ படிக்கிறத நான் பார்த்தேன் என்று சொல்லியிருக்கிறார், அவன் பயந்து புத்தகத்தை மூடிவிட்டானாம். ஆனால் இப்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுகிறது. ஜெரோம் சுவரேறிக் குதிப்பதை நிறுத்தவில்லை. குதித்துவிட்டு, பின்னால் வருகிற சின்னப் பையனுக்குக் கை கொடுக்கிறான். அவன் கை கொடுத்ததை மட்டும் டீச்சர் அவனிடம் சொன்னார். சுவரைப் பற்றி அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்.

நான் வீட்டிலும் செய்து பார்த்தேன். உன் அப்பா சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தார். நீங்க தட்டக் கழுவி வெச்சத நான் பாத்தேன் என்றேன். அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். மறுநாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியதைச் சொன்னேன், உன் தம்பி யாராச்சும் பணம் கேட்டு வராங்களா என்று கேட்டார். மூன்றாம் நாளிலிருந்து என் கண்ணில் படாமல் வேலை செய்ய ஆரம்பித்தார். போகட்டும் என்று விட்டுவிட்டேன். போன வெள்ளிக்கிழமை நான் பூஜை முடித்துத் திரும்பினால் கதவோரம் நிற்கிறார். "நீ எப்பவும் ரெண்டு வெளக்கு வெக்கற. ஒண்ணு வூட்டுக்கு, ஒண்ணு பாப்பாவுக்கு. பாப்பா வெளக்குக்குத்தான் எண்ண நெறைய ஊத்தற. நான் பாத்துகினுதான் கீறேன்" என்றார். சொல்லிவிட்டுத் தண்ணீர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவர் என்னிடம் பேசியதில் அதுதான் நீளமானது. நான் அந்த விளக்குக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன், அன்றைக்குச் சமையலே தாமதம்.

அதனால்தான் இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சுஜாதா டீச்சர் வீட்டுக்காரருக்கு நாவலூரில் வேலை, அந்தப் பக்கமே அபார்ட்மெண்ட் வாங்கிவிட்டார்கள். டீச்சர் மாறுதல் வாங்கிக்கொண்டு போகப்போகிறார். ஐந்தாம் வகுப்பு இடம் காலி. அடுத்த மாதம் மாறுதலுக்கு விண்ணப்பம் போடச் சொல்வார்கள், உங்க பொண்ணு போட்டா கிடைக்க வாய்ப்பு கீதும்மா என்று செங்கல்வராயன் சாரே சொன்னார். நீ போடு ஹரி. வீட்டிலிருந்து நடந்தே போகலாம். மத்தியானம் சூடாகக் கொண்டுவந்து தருவேன். உன் அறையில் ஒரு பொருளையும் நகர்த்தவில்லை, அரிசி மூட்டையை மட்டும் வைத்திருக்கிறேன், அதையும் எடுத்துவிடுகிறேன். சனிக்கிழமை சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் போய் மலையைச் சுற்றிவிட்டு நரசிம்மரிடம் இதையெல்லாம் விவரமாகச் சொல்லியிருக்கிறேன். போன தடவை, என் பெண்ணுக்கு அரசாங்க வேலை கிடைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன், எந்த ஊரில் என்று சொல்லாமல் விட்டது என் கவனக்குறைவு. அவரும் அவருக்குப் பிடித்த மாதிரி மலையாகப் பார்த்துப் போட்டுவிட்டார். இந்தத் தடவை ஊர், ஒன்றியம், மாவட்டம், பள்ளிக்கூடத்துப் புளியமரம்வரை சொல்லிவிட்டு வந்தேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் நகரம்மா என்றார்கள். நகரவில்லை. நீ வந்துவிடு. பக்கத்தில் வந்துவிடு. எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

சின்னப்பொண்ணு உன்னை விசாரித்தாள். பிரிசில்லா கருவாடு தருகிறேன், பாப்பாவுக்கு அனுப்பு என்றாள், தபாலில் எப்படி அனுப்புவது என்று தெரியாமல் நிற்கிறது. செங்கல்வராயன் சார் ஆசி சொன்னார். நீ நூறு வருஷம் நல்ல பார்வையோடும் நல்ல வார்த்தையோடும் இருக்க வேண்டும் என்று நரசிம்மரை வேண்டிக்கொள்ளும்,

உன் அம்மா
ரேணுகா சுப்பிரமணி

பி.கு. ஒட்டிய கவரை இட்லிப் பானை ஆவியில் காட்டிப் பிரித்து இதை எழுதுகிறேன். மாறுதலைப் பற்றி மேலே எழுதியதை எழுதாததாக எடுத்துக்கொள். விண்ணப்பம் போடாதே. காரணம் இதுதான். புதன்கிழமை சாயந்திரம் நீ பேசும்போது, டவர் இல்லம்மா, கட்டாகுது, வெக்கறேன் என்று சொன்னாயே, கட்டாகவில்லை. நீயும் சரியாக வைக்கவில்லை. போனை மேசையில் போட்டுவிட்டாய் போலிருக்கிறது. வைத்துவிட வேண்டும் என்று எனக்கும் தெரியும். வைக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டும் வீட்டுக்குப் போகாத பிள்ளைகள் உன்னைச் சுற்றி இருந்தார்கள். ஒரு பெண் அழுதுகொண்டே எதையோ சொன்னாள், எனக்கு அந்த மலைப் பேச்சு புரியவில்லை. நீ அவளிடம், நீ இத்தனை நாள் கழித்து வந்தாலும் நேராக என்னிடம் வந்ததை நான் பார்த்தேன் என்றாய். பிறகு யாரோ ஒருவன் ஏதோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நீ பிறந்ததிலிருந்து உன் சிரிப்பை எல்லாம் நான் கேட்டிருக்கிறேன் ஹரி, எனக்கு எண்ணிக்கை கூடத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அந்தச் சிரிப்பு அதில் இல்லை. அது அந்த ஊரில் விளைந்தது. இத்தனை பக்கம் எழுதியும் நான் பார்த்ததை உன்னிடம் மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன், கவரை ஒட்டிய பிறகு அதுதான் உறுத்தியது. நீ அங்கே சிரித்ததை நான் கேட்டேன். அவ்வளவுதான், இதற்கு மேல் எதையும் சேர்க்கவில்லை.

அதனால் நாங்கள் வருகிறோம். அப்பா தண்ணீர் வண்டிக்கு ஆள் பார்த்துவிட்டார். ஒரு வாரம் இருப்போம். காலையில் உன் பள்ளிக்கூடத்துக் கேட்டில் ஓரமாக நிற்பேன், யாருக்கும் எதையும் கட்ட மாட்டேன். போளூர் வரைக்கும் பஸ் இருக்கிறது என்று அப்பா விசாரித்துவிட்டார். அங்கிருந்து மலைக்கு எந்த பஸ், எத்தனை மணிக்கு, எங்கே இறங்க வேண்டும் என்று தெளிவாக எழுது. சீக்கிரம் பதில் போடு.